மனத்தை உள்ளிருந்து நோக்கிய பாவா முஹையத்தீன்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து நயினாதீவுக்குச் செல்வோர் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களைத் தாண்டியே குறிகாட்டுவான் துறையை அடைகின்றனர். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவர்களும் நாகவிகாரைக்குச் செல்லும் பௌத்தர்களும் நாள்தோறும் பயணிக்கும் வீதி இது. வேலணைத் தீவைச் சேர்ந்த மண்கும்பானில், வெண்மணலும் பனைகளும் சூழ்ந்த நிலத்தில், இயேசுநாதரின் அன்னையாகிய மர்யம் (அலை) அவர்களின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஒரு பள்ளிவாசல் உண்டு. இவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அதனை அறிவர் என்பது ஐயத்துக்குரியதே. அதற்கு அடித்தளமிட்டவர், உலகின் பல பாகங்களிலும் அறியப்பட்ட சூஃபி ஞானியான முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன் ஆவார்.

பாவா அவர்களைப் பற்றிய பேச்செழும்போதெல்லாம் எமது சமூகங்கள் இரண்டிலும் முதலில் எழுவது, அவர் யாருடையவர் என்ற வினாவே. யாழ்ப்பாணத்துச் சைவ அடியார்களுக்கு அவர் சுவாமி. கொழும்பு முஸ்லிம் அன்பர்களுக்கு அவர் ஷெய்கு. ஐக்கிய அமெரிக்காவில் அவரைப் பின்பற்றியோருக்குத் தொடக்கத்தில் அவர் குரு. இவ்வினாவிலேயே நாம் நின்றுவிட்டதால், ஏறத்தாழ நான்கு தசாப்தங்களாக அவர் தமிழிலேயே பேசி வந்த விடயம் யாது என்பது எம்மிற் பலரின் கவனத்துக்கு வராமற் போயிற்று. அவருடைய பேச்சின் பெரும்பகுதி மனத்தைப் பற்றியது. ஓர் எண்ணம் எவ்வாறு எழுகின்றது, அறிவு எப்படிப் படிப்படியாகத் தெளிவடைகின்றது, அந்தத் தெளிவை மறைப்பது எது என்பவற்றையே அவர் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். மேலைத்தேய மெய்யியலில் தோற்றப்பாட்டியல் என்று வழங்கும் சிந்தனை முறைக்கு அருகில் வைத்து நோக்கத்தக்க ஒரு முயற்சி அது.

அவருடைய பிறப்பிடம், பெற்றோர், பிறந்த ஆண்டு எவையும் நம்பகமான பதிவுகளில் இல்லை. அகவை நூற்றைக் கடந்தவர் என்று நம்பிய அடியார்களும் உளர். பொது வாழ்வில் அவர் தோன்றியது 1940 களின் தொடக்கத்திலாகும். இலங்கையின் வடபகுதிக் காடுகளிலிருந்து வெளிப்பட்ட அவரை அங்குள்ள தலங்களுக்குச் சென்ற யாத்திரிகர்கள் சந்தித்தனர். அதற்கு முன்னர் கதிர்காமத்திலும், பலாங்கொடைக்கு அண்மையில் குரகலை மலைச்சாரலிலுள்ள ஜெய்லானியிலும் அவர் தங்கியிருந்ததாகக் கூறப்படுகின்றது. கதிர்காமம் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் தத்தம் முறையில் வழிபடும் தலம். ஜெய்லானியோ, பக்தாதில் 1166 இல் மறைந்த முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரோடு இணைந்த குகைத் தலம். மார்க்கத்தை உயிர்ப்பிப்பவர் என்று பொருள்படும் அப்பெயரே பாவா அவர்களின் பெயரிலும் அமைந்திருப்பதும், காதிரிய்யா தரீக்காவோடு அவர் தொடர்புபடுத்தப்படுவதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கன.

யாழ்ப்பாணத்தில் அவரை முதலிற் சூழ்ந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். நோயாளரும் பேய் பிடித்ததாகக் கருதப்பட்டோரும் அவரிடம் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் குணமடைந்தனர் என்று அடியார்கள் நம்பினர். இத்தகைய செய்திகளை மருத்துவ உண்மைகளாக ஏற்க வேண்டிய கட்டாயம் எமக்கில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேய் என்ற ஒன்று வெளியே உண்டா இல்லையா என்ற வாதத்தில் அவர் நிற்கவில்லை. ஆசை, கோபம், பொறாமை, அச்சம் என்பனவே மனத்துள் உருவெடுத்து ஒருவனை ஆட்டுவிக்கின்றன என்பது பிற்காலத்தில் அவர் விரிவாக எடுத்துரைத்த கருத்து. மனத்தைக் குரங்கென்றும் ஆசையை நாயென்றும் அவர் உருவகித்தார். கிளைக்குக் கிளை தாவும் குரங்கையும் கண்ட இடமெல்லாம் மோப்பம் பிடிக்கும் நாயையும் அறியாத யாழ்ப்பாணத்துக் கமக்காரன் இருக்க முடியாதல்லவா?

காலப்போக்கில் யாழ்நகரில் ஓர் ஆச்சிரமமும், நகருக்குத் தெற்கே ஒரு விவசாயப் பண்ணையும் அமைந்தன. வருவோர்க்கு அவர் தாமே மரக்கறி உணவு சமைத்துப் பரிமாறுவது வழக்கம். அவர் பள்ளிக்கூடம் சென்று கற்றவரல்லர். எழுதப் படிக்க அறியாதவர் என்றே அவரை அறிந்தோர் கூறுகின்றனர். கதை சொல்வதும், கேட்போரின் வினாவுக்கு விடையளிப்பதும், இடையிடையே தாமாகவே பாட்டிசைப்பதுமே அவர் கற்பித்த முறை. தமிழ் மண்ணில் இது புதிய மரபன்று. தக்கலை பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் (1792–1838) சித்தர்களின் சொற்களை எடுத்தாண்டே இஸ்லாமிய ஞானத்தைப் பாடினர். சைவரும் முஸ்லிம்களும் ஒருங்கே பயிலும் அந்தச் சொற்களஞ்சியம் பாவா அவர்களுக்கு எளிதிற் கைவந்தது.

அவருடைய போதனையில் மிக முக்கியமானது அறிவின் ஏழு நிலைகள் பற்றிய விளக்கம். உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு என்பன அவ்வேழுமாகும். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் பழக்கமானவை. பாவா அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அன்றாடத் தமிழில் ஏறத்தாழ ஒரே பொருளில் நாம் பயன்படுத்தும் சொற்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்த பணியொன்றை வகுத்தார். ஆறாம் நிலையாகிய பகுத்தறிவைக் குத்பு என்னும் சூஃபி நிலையோடும், ஏழாவதான பேரறிவை நூர் எனப்படும் பேரொளியோடும் அவர் பொருத்தினார். தமிழகத்தில் கடவுள் மறுப்பாளர்கள் தமது கொள்கைக்குச் சூட்டிக்கொண்ட பகுத்தறிவு என்ற அதே சொல், இவரிடத்தில் இறைவனை நெருங்கும் படிக்குப் பெயராயிற்று என்பது சுவையான ஒரு முரண்.

இவ்விளக்கத்தை நாம் எமது ஊர்ச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். அந்திப்பொழுதில் பனங்கூடலூடாக ஒருவர் நடந்து செல்கின்றார். காலில் ஏதோ படுகின்றது. அந்தத் தொடுகை உணர்வு. ஏதோ ஒன்று அங்கே கிடக்கின்றது என்று உடல் விழித்துக்கொள்வது உணர்ச்சி. முன்பு கேட்டதையும் கற்றதையும் கொண்டு அதைப் பாம்பு என்று பெயரிடுவது புத்தி. அது அசையவில்லையே, சீறவில்லையே என்று எடைபோடுவது மதி. குனிந்து நோக்கி, அறுந்து கிடக்கும் கயிறே அது என்று தெளிவது அறிவு. அங்கே கிடந்தது எது, தன்னிடமிருந்து அதன்மேல் ஏறிய அச்சம் எது என்று இரண்டையும் பிரித்தறிவது பகுத்தறிவு. கயிறும் பாம்பும் எமது மெய்யியலில் மிகப் பழைய உவமைகள்தாம். ஆனால், அந்தக் கணப்பொழுதுக்குள் மனம் ஏறிச் செல்லும் படிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுவதே பாவாவின் வகுப்பினால் நாம் பெறும் பயன். பேரறிவோ இவ்வுதாரணத்துக்குள் அடங்காது. அறிபவன், அறியப்படுவது என்ற வேறுபாடே அங்கில்லை என்பது ஞானியரின் கூற்று.

ஐரோப்பாவில் இத்தகைய ஆய்வை ஒரு மெய்யியல் முறையாக வளர்த்தவர் எட்மண்ட் ஹுஸ்ஸேர்ல் (1859–1938). கணிதத்திலிருந்து மெய்யியலுக்கு வந்த அவர், 1900, 1901 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தருக்க ஆய்வுகள் என்னும் நூலினூடாகத் தோற்றப்பாட்டியலுக்கு வித்திட்டார். உணர்வுநிலை என்பது எப்போதும் ஏதோவொன்றைப் பற்றியதாகவே இருக்கும் என்பது, தம் ஆசிரியர் பிரன்ரானோவிடமிருந்து அவர் பெற்ற அடிப்படைக் கருத்து. வெறுமனே காணுதல் என்று ஒன்றில்லை. ஒன்றைக் காணுதலே உண்டு. 1913 இல் வெளிவந்த அடுத்த பெருநூலில், வெளியுலகைப் பற்றி நாம் முன்கூட்டியே கொண்டுள்ள தீர்ப்புகள் யாவற்றையும் தற்காலிகமாக ஒருபுறம் நிறுத்திவைத்து, ஒரு பொருள் எமது உணர்வுநிலைக்கு எவ்வாறு தோற்றுகின்றதோ அதனை மட்டும் விவரிக்கும் முறையை அவர் விளக்கினார். பனங்கூடலில் நடந்தவரின் மூளையில் எந்த நரம்பு துடித்தது என்று உடலியலாளர் கேட்பார். அக்கயிறு அவருக்குப் பாம்பாக எவ்வாறு தோன்றியது, பின்னர் அத்தோற்றம் தன்னைத்தானே எங்ஙனம் திருத்திக்கொண்டது என்று தோற்றப்பாட்டியலாளர் கேட்பார். முதற்கேள்விக்கான விடை எவ்வளவு நிறைவாகக் கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி எஞ்சியே நிற்கும். இன்று உணர்வுநிலை பற்றி ஆராயும் அறிவியலாளர்களையும் வாட்டுவது இதுவே. நரம்பியல் அறிஞர் பிரான்சிஸ்கோ வரேலாவும் அவருடைய சகாக்களும் 1991 இல் வெளியிட்ட நூலொன்றில், மூளை ஆய்வோடு தோற்றப்பாட்டியலையும் பௌத்த தியான மரபையும் இணைக்க முயன்றனர். கீழைத்தேயத்தின் அகநோக்குப் பயிற்சி ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வந்த காலம் அது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்களே. பக்தாத் நிழாமிய்யாவின் தலைசிறந்த ஆசிரியராக விளங்கிய அவர், 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். தமது அகவாழ்வின் வரலாறாக அவர் எழுதிய நூலில், புலன்கள் தரும் சான்றை எவ்விதம் ஐயுற்றார் என்பதைப் படிப்படியாக விவரிக்கின்றார். நிழல் அசையாது நிற்பதாகக் கண் காட்டுகின்றது. சற்று நேரத்தில் அது நகர்ந்திருப்பதை அறிகின்றோம். நாணயமளவாகத் தெரியும் விண்மீன் பூமியினும் பெரிதென்று கணிதம் நிறுவுகின்றது. கண்ணைத் திருத்த அறிவு உண்டென்றால், அறிவைத் திருத்த அதற்கு மேலொன்று இருக்கக்கூடாதா என்பது அவர் எழுப்பிய வினா. சுவைத்து அறிதல் என்று சூஃபிகள் கூறும் நேரடி அனுபவத்தில் அவர் அதற்கு விடை கண்டார். பாவா அவர்களின் ஏழு படிகளும், கீழ்ப்படியின் பிழையை மேற்படி திருத்தும் இதே ஒழுங்கில் அமைந்தவையே.

எனினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுவது நேர்மையாகாது. ஹுஸ்ஸேர்ல் நிறுத்திவைக்கச் சொன்ன தீர்ப்புகளுள் இறைவன் பற்றிய நம்பிக்கையும் அடங்கும். பாவாவோ இறைவனிடமிருந்தே தொடங்கி இறைவனிடமே முடிக்கின்றார். முன்னவர் விரும்பியது எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரு கண்டிப்பான ஆய்வு. பின்னவர் விரும்பியது விடுதலை. அதற்கு ஷெய்கின் வழிகாட்டல் இன்றியமையாதது என்றார். வழிகாட்டுபவரின் சொல்லை மாணவன் எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி இங்கு எழாமலிராது. மேலும், உலக மார்க்கங்கள் நான்கினை மனித உடலின் நான்கு பகுதிகளோடு பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அவர் அடுக்கிக் காட்டினார். இவ்வடுக்கில் இந்து சமயம் கீழேயும் இஸ்லாம் மேலேயும் வருகின்றது. சைவர்கள் இதனை எளிதில் ஏற்பர் என்று நாம் கருதவில்லை. உருவ வழிபாடு முதல் அருவ நிலை வரை ஒவ்வொரு மனிதனும் தன்னுள் கடக்கும் படிகளையே அவர் குறித்தார் என்று அடியார்கள் தரும் விளக்கமும் உண்டு.

மறுபுறத்தில், ஹுஸ்ஸேர்லிடம் இல்லாத ஒன்று பாவாவிடம் இருந்தது. அது பயிற்சி. மூச்சோடு இணைந்த திக்ரை அவர் கற்பித்தார். திருக்கலிமாவின் மறுக்கும் பகுதியை இடது நாசியால் வெளிச்செல்லும் மூச்சோடும், நிலைநாட்டும் பகுதியை வலது நாசியால் உட்செல்லும் மூச்சோடும் இணைத்து, வைகறையில் அதனைச் செய்யுமாறு கூறினார். இறைவனல்லாத யாவும் ஒரு மூச்சில் விலக்கப்படுகின்றன. மறு மூச்சில் எஞ்சுவது அவன் ஒருவனே. நூலகத்தில் அமர்ந்து ஹுஸ்ஸேர்ல் செய்த விலக்கலை, சமையற்கூடத்தில் நிற்பவரும் வயலில் நிற்பவரும் செய்யத்தக்கதாக அவர் ஆக்கினார் என்பது எமது கருத்து.

மண்கும்பானில் அவர் அடித்தளமிட்டது 1955 இல். அன்னை மர்யம் தொடர்பாகத் தமக்கேற்பட்ட ஓர் அகக்காட்சியே அதற்குக் காரணமென அவர் கூறினார். திருக்குர்ஆனின் 19 ஆவது அத்தியாயம் அவ்வன்னையின் பெயரையே தாங்கியிருப்பதை முஸ்லிம்கள் அறிவர். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கும் அவர் அன்னையே. சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் தீவில், கிறிஸ்தவர்கள் போற்றும் அன்னைக்கு ஒரு முஸ்லிம் ஞானி இறையில்லம் எழுப்பினார். ஆனால் அத்திவாரத்தின்மேற் கட்டடம் எழ இரு தசாப்தங்கள் சென்றன. யாழ் ஆச்சிரமத்துக்கு வந்த அமெரிக்க மாணவர்களின் உழைப்பினால் பணி நிறைவுற்று, 1975 பெப்ரவரி 17 ஆம் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. இதற்கிடையில், கொழும்பில் அவரை நாடிய, பெரும்பாலும் முஸ்லிம்களான அன்பர்கள் 1967 அளவில் செரண்டிப் சூஃபி கற்கை வட்டத்தை அமைத்திருந்தனர்.

அமெரிக்க மாணவர்கள் வந்த கதை 1971 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில், அழைப்பின் பேரில் பாவா பிலடெல்பியா நகருக்குச் சென்றார். வியட்நாம் போரும் போதைப்பொருளும் ஒரு தலைமுறையை அலைக்கழித்த காலம். கீழைத்தேயக் குருமார் பலர் அங்கு பெருங்கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தனர். பாவா தம் அறையில் அமர்ந்து தமிழிலே பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். அவ்வுரைகளிலிருந்து 25 க்கும் மேற்பட்ட நூல்கள் தொகுக்கப்பட்டன. ஈரானில் அமெரிக்கப் பணயக் கைதிகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் அவர் கொமெய்னி, காட்டர் உள்ளிட்ட தலைவர்களுக்குக் கடிதங்களும் வரைந்தார். ரூமியின் கவிதைகளை ஆங்கில வாசகரிடையே பரப்பிய கோல்மன் பார்க்ஸ் தம்மை அவருடைய மாணவராகவே கூறிக்கொண்டார்.

தொடக்கத்தில் வெளிவந்த நூல்கள் அவரைக் குரு பாவா என்றே குறிப்பிட்டன. 1970 களின் இறுதியளவில் குரு என்ற அடைமொழி கைவிடப்பட்டது. 1984 இல் மாணவர்களின் கைகளாலேயே பிலடெல்பியாவில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. சமய அடையாளங்களை எல்லாம் கடந்தவர் என்று அவரை எண்ணியிருந்தோர் சிலருக்கு இது அதிர்ச்சியளித்தது. மறுபுறம், தர்கா மரபையும் ஷெய்குமாரையும் ஏற்காத முஸ்லிம்கள் அவரைத் தம்மவராகக் கருதத் தயங்கினர். இரு சாராரும் எழுப்பியது அதே பழைய வினாவையே. பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு அனுபவத்தை நோக்குமாறு கற்பித்தவருக்கே பெயர் ஒரு வழக்காகிப் போனது.

1986 டிசம்பர் 8 ஆம் திகதி அவர் பிலடெல்பியாவில் காலமானார். பென்சில்வேனியா மாநிலத்தின் கோட்ஸ்வில் பகுதியில் அவருடைய அடக்கத்தலம் உள்ளது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய தாயகத்தில் நடந்தவற்றை அவர் காணவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. 1990 களின் தொடக்கத்தில் படை நடவடிக்கைகளால் வேலணை உள்ளிட்ட தீவக மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கிழக்கிலே முஸ்லிம் கிராமங்களிலும் தமிழ்க் கிராமங்களிலும் குருதி சிந்தியதும் அதே ஆண்டில்தான். அயலவனை அயலவனாகக் காணவிடாது, முன்கூட்டிய தீர்ப்பொன்று இடையிற் புகுந்து அவனைப் பகைவனாகக் காட்டிய காலம் அது. கயிறு பாம்பாகத் தோன்றியதில் ஒரு கணத்து நடுக்கமே விளைந்தது. இதில் விளைந்த இழப்புக்கு இரு சமூகங்களும் இன்னமும் கணக்குத் தீர்த்தபாடில்லை.

ஆனால் பாவாவின் யாழ் ஆச்சிரமத்தையும் மண்கும்பான் பள்ளிவாசலையும் தொடர்ந்து நாடி வந்தோருள் சைவக் குடும்பங்கள் குறிப்பிடத்தக்க இடத்தைப் பெறுகின்றன. இத்தலங்களையும் பிலடெல்பியாவையும் இணைத்து மெரின் ஷோபனா சேவியர் எழுதிய ஆய்வு நூல் 2018 இல் வெளிவந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பாவாவை ஓர் ஆய்வுப் பொருளாகக் கொண்டுவிட்டன. இங்கே, இதே தீவகத்தின் புங்குடுதீவில் பிறந்து, மனித உணர்வுநிலையின் மலர்ச்சியைப் பற்றிச் சிந்தித்த மு. தளையசிங்கத்துக்கேனும் (1935–1973) இலக்கிய உலகில் வாசகர்கள் உளர். பாவா அவர்கள் சிந்தனையாளராக எமது விமர்சனப் பரப்புக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழிற் பேசப்பட்டவை ஆங்கிலத்திலேயே பெரிதும் அச்சாகின. உணர்வு என்ற ஒரே சொல் ஒரு நூலில் ஒரு விதமாகவும் இன்னொரு நூலில் வேறு விதமாகவும் பெயர்க்கப்பட்டுள்ளது. மதி என்ற சொல்லும் அவ்வாறே. உணர்வுக்கும் உணர்ச்சிக்கும் இடையே அவர் வகுத்த நுட்பமான எல்லை மொழிபெயர்ப்பில் மங்கிவிடுகின்றது. அவருடைய மூல உரைகள் ஒலி, ஒளி நாடாக்களில் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடமும் இணைந்து, மனத்தையும் அறிவு நிலைகளையும் பற்றிய அவருடைய உரைகளை மட்டுமாவது முதலில் எழுத்துருவாக்கலாம். சித்தாந்தக் கலைச்சொற்களை அறிந்த ஒருவரும், சூஃபிக் கலைச்சொற்களை அறிந்த ஒருவரும் அருகருகே அமர்ந்தாலன்றி அப்பணி நடவாது. ஒரு வாக்கியத்திலேயே இரண்டும் கலந்து வரும் பேச்சு அது.